நாலாவது குழாய்

ஆலங்கரையில் ஒரு சாவின் பெருமையை ஒலிபெருக்கிக் குழாயை வைத்துத்தான் அளப்பார்கள். எத்தனை மாலை விழுந்தது, எத்தனை கார் வந்தது என்பதெல்லாம் பிறகு. படத்திறப்புக்கு எத்தனை குழாய் கட்டினார்கள், சத்தம் எதுவரை போனது என்பதுதான் முதல் கேள்வி. ஏரிக்கரை வரை கேட்டால் நல்ல மனிதர். நடவு நடுகிறவர்களுக்குக் குனிந்த இடத்திலேயே கேட்டால் பெரிய மனிதர். பாகூர் ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற நாளில் யாரும் வேலையைப் போட்டுவிட்டுத் துக்கத்துக்கு ஓடிவர முடியாது. செத்தவரைப் பற்றி நாலு பேர் பேசுவதை வயலில் நிற்கிறவர்களும் கேட்டு உச்சுக் கொட்டட்டும் என்று எவரோ எப்போதோ ஆரம்பித்து வைத்த வழக்கம் அது.

அந்த வழக்கத்தில் சோறு தின்றவன் மைக்செட்காரன் சேவியர். மாரியம்மன் கூழ் ஊற்றலுக்கும் மாதா கோயில் தேர்பவனிக்கும் ஒரே ஆம்ப்ளியைத் தூக்கிக்கொண்டு போவான். எந்த ஊரில் எந்த மரத்தில் கட்டினால் சத்தம் எங்கே போய் முட்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. மற்றபடி பயந்த சுபாவம். எதிரில் போலீஸ் ஜீப் வந்தால், ஒரு தப்பும் செய்யாமலே வண்டியை விட்டு இறங்கி நின்றுவிடுகிற ஆள்.

சுப்புராயன் செத்தது ஐப்பசி மழைக்கு நடுவில். பதினாறாம் நாள் காரியத்தன்று மட்டும் வானம் கொஞ்சம் வெளிவாங்கியிருந்தது. மகன் மணவாளன் மூன்று குழாய் போதும் என்றார். வாசலில் ஒன்று, கோயில் முனையில் ஒன்று, ஏரிக்கரைப் பக்கம் ஒன்று. சேவியர் தலையாட்டிவிட்டு, மூன்றையும் கட்டி முடித்தபின், நாலாவதாக ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி வேப்பமரத்தில் ஏறினான். பால் சொசைட்டியைப் பார்த்துத் திருப்பிக் கட்டினான். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சொசைட்டியில் அவன் பெண்டாட்டி ஜெயசித்ரா சாயங்காலப் பாலுக்கு நிற்பாள். கறவை நேரத்தை எந்தக் காரியத்துக்காகவும் தள்ளிவைக்க முடியாது. காலனிப் பொம்பளை தொட்ட பாலை யார் குடிப்பது என்று ஊர் முணுமுணுத்த காலத்தில், "டிகிரி பாக்குற கருவி சாதி கேக்கல, உங்களுக்கு இன்னாத்துக்குடா?" என்று ஒரு சத்தம் போட்டு, அவளைப் பால் சோதிக்கிற டெஸ்டராக உட்காரவைத்தவர் அன்று சொசைட்டித் தலைவராக இருந்த சுப்புராயன்தான். அவரைப் பற்றி நாலு பேர் நல்லதாகப் பேசுவதை அவளும் கேட்கட்டும், கேட்டு அழுதாவது தீர்க்கட்டும் என்று நினைத்தான் சேவியர். வேறு ஒன்றும் அவன் மனதில் இல்லை.

அவள் அழ வேண்டியது நிறைய இருந்தது. ஆவணியில் நடந்த சட்டசபைக் கூட்டத்தில் தொகுதி எம்.எல்.ஏ. புகழ்வேந்தன் எழுந்து, ஆலங்கரை சொசைட்டியில் தண்ணீர்ப் பால் ஓடுகிறது, அதை ஓடவிடுவது டெஸ்டர் ஜெயசித்ரா, அவளுக்கும் பால்வண்டி காண்டிராக்டருக்கும் இருக்கிற தொடர்புதான் அதற்குக் காரணம் என்று பேரைச் சொல்லிப் பேசிவிட்டார். மறுநாள் பேப்பரில் அப்படியே வந்தது. நடந்தது என்னவென்றால், எம்.எல்.ஏ.வின் மச்சான் கொண்டுவந்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது, டிகிரி நிற்கவில்லை என்று அவள் வரிசையில் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒரு தடவை அல்ல, அவன் கொண்டுவந்த தடவையெல்லாம்.

அப்போதே அவள் புதுச்சேரிக்குப் போய் வக்கீல் அருள்மொழியைப் பார்த்தாள். சேவியர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனான். வக்கீலம்மா பேப்பரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சபைக்குள்ள சொன்னதுக்கு அவர் மேல கேஸ் போட முடியாதும்மா. அங்க எம்.எல்.ஏ. என்ன பேசினாலும் எந்தக் கோர்ட்டும் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"பொய்யி சொன்னாக்கூடவா மேடம்?"

"பொய் சொன்னாக்கூட. சபை வேணா கூப்பிட்டுக் கண்டிக்கலாம். கோர்ட் முடியாது."

"பேப்பர்காரங்க?"

"சபையில நடந்தத நடந்தபடி போட்டிருக்காங்க. அவங்களையும் தொட முடியாது."

"அப்ப எம்பேரு?"

வக்கீலம்மா பேப்பரை மடித்து அவளிடமே கொடுத்தார். உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் திரும்பும்போது சேவியருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சட்டமே முடியாது என்று சொல்லிவிட்டது, இனி எம்.எல்.ஏ.வோடு மோத வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தபோது அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டான். ஆனாலும் நிம்மதி போய்விடவில்லை.

*

படத்திறப்புக்கு எம்.எல்.ஏ. வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. படத்துக்கு மாலை போட்டார், கும்பிட்டார், மைக்கைப் பிடித்தார். சுப்புராயனைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு அவர் வளர்த்த சொசைட்டி இன்று என்ன கதியில் இருக்கிறது என்று போனார்.

மைக்செட்காரனின் காது வேறு மாதிரிக் காது. பேச்சு அதில் ஏறாது, சத்தம்தான் ஏறும். மைக் கூவுகிறதா, காற்று அடிக்கிறதா, பேசுகிறவர் வாயை ஒட்டிப் பேசுகிறாரா, தள்ளிப் பேசுகிறாரா, இதுதான் அவன் கவலை. புகழ்வேந்தனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜனம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்துவார். அன்றும் தாழ்த்தினார். சேவியரின் கை தானாக வால்யூமைத் திருப்பியது. குரல் கரகரத்தது. பேஸ் குமிழைத் திருப்பிக் குறைத்தான், தெளிந்துவிட்டது. பந்தலில் சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மணவாளன் திரும்பி அவனையே பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. நாலு குழாயிலும் குரல் பிசிறில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அவனுக்கு அதில் திருப்தி.

சாமான்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ஜெயசித்ரா அடுப்பு பற்றவைக்காமல், பின்வாசல் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சித்ரா, ஒலை வைக்கல?"

"நீ அங்கதான இருந்த?"

"எங்க?"

"எங்கன்னா கேக்குற? மைக்கு யாருது?"

"நம்முளுதுதான்."

"அந்தாளு பேசனது உனுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"நான் வேலையில இருந்தேன். எனுக்கு சத்தந்தான் கேக்கும்னு உனுக்குத் தெரியாதா?"

"எனுக்குக் கேட்டுச்சு." அவள் குரல் உயரவில்லை. "ஒண்ணு வுடாம கேட்டுச்சு. கேன வச்சிக்கினு வரிசையில நின்னுதுங்களே, அதுங்களுக்கும் கேட்டுச்சு. மொதல்ல கரகரன்னுதான் வந்துச்சு. போவட்டும், பாதி புரியாம போவட்டும்னு நெனச்சேன். அப்பறம் எவனோ சரி பண்ண மாதிரி கணீர்னு ஆயிடுச்சு."

சேவியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எந்தப் பாவிய்யா அந்தக் கொழாய சொசைட்டி பக்கம் திருப்பச் சொன்னது? மணவாளனா?"

சொல்லியிருக்கலாம். இன்னதற்காகக் கட்டினேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை புரிந்தும் கொண்டிருப்பாள்.

"ம்" என்றான்.

அன்று இரண்டு பேரும் மத்தியானத்துக் காராமணிக் குழம்பைச் சுடவைக்காமலே ஊற்றிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்று பேர்.

*

வக்கீல் அருள்மொழி இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"படத்திறப்பிலயா? மைக் வச்சா? என்ன சொல்லி ஆரம்பிச்சார்?"

"'சட்டசபையிலயே சொன்னேன், இங்கயும் சொல்றேன், எவன் இன்னா பண்ணிடுவான்'னு ஆரம்பிச்சான் மேடம். அதுக்கப்பறம் சபையில சொன்னதவிட அசிங்கமா சொன்னான்."

"அங்கதான் தப்பு பண்ணிட்டார்." வக்கீலம்மா வெளியே பெய்துகொண்டிருந்த மழையைக் காட்டினார். "சபைக்குள்ள இருக்குறவரைக்கும் சட்டம் அவருக்குக் குடை பிடிக்கும். வெளியில வந்தா அவரும் நம்மள மாதிரி நனைய வேண்டியதுதான். அந்தப் பாதுகாப்பு சபையில பேசற பேச்சுக்குத்தான். ஆளோட கூடவே ஊர் ஊரா வராது."

"அங்க சொன்னதத்தான் இங்க சொன்னேன்னு சொன்னா?" இது சேவியர். தப்பிக்க ஒரு சந்து இருக்காதா என்றுதான் கேட்டான், எம்.எல்.ஏ. தப்பிக்க அல்ல, தான் தப்பிக்க.

"சொல்லுவார். சொல்லட்டும். வெளியில சொன்னது வெளியில சொன்னதுதான். ஆனா ஒண்ணு. ஜெயசித்ரா குழாய்ல கேட்டவங்க. அந்தக் குரல் அவரோடதுன்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. பந்தல்ல இருந்து, அவர் வாய் அசையறதப் பாத்து, காதால கேட்டவங்க ஒருத்தராவது வேணும். வீடியோ இருக்கா?"

"வீடியோ எடுத்தவன் மெமரி கார்டு கெட்டுப்போச்சுன்றான் மேடம்" என்றாள் ஜெயசித்ரா. "போன்ல எடுத்தவங்கள்லாம் எடுக்கவே இல்லன்றாங்க."

"அப்ப சாட்சி பாருங்க. இன்னொண்ணு. 'தப்பா பேசினார்', 'கேவலமா பேசினார்'னு சொன்னா நீதிபதி எழுத மாட்டார். என்ன வார்த்தை சொன்னாரோ அந்த வார்த்தையைச் சாட்சி தன் வாயால சொல்லணும்."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சேவியரைத் திரும்பிப் பார்த்தார்கள். "எனுக்கு சத்தந்தான் கேட்டுச்சு மேடம்" என்று அவன் மழையைப் பார்த்துச் சொன்னான்.

*

சாட்சி தேடுவது ஜெயசித்ராவின் வேலையாயிற்று. பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட காசம்மாள், இரண்டு மாடு வைத்திருப்பவள், அவளோடு சிரித்துப் பேசுகிறவள்.

"எனுக்குக் காது மந்தம்மா" என்றாள்.

"என்னிக்கிலேந்துக்கா?"

"உனுக்குத் தெரியாதா சித்ரா? எம்புள்ள கவர்மெண்ட்டுல நெரந்தரமில்லாத வவுச்சர் வேலையில இருக்கறான். அந்தாளு ஒரு போன் போட்டா நாளைக்கே நிறுத்திடுவானுங்க. நீ எம்மேல கோச்சிக்காத. மாதாவ நெனச்சி வுட்டுடு."

மணவாளனிடம் சேவியரே போக வேண்டியதாயிற்று. அவர் வாசலில் நெல்விதைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் செம்பைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா படத்துக்கு முன்னால பேசன பேச்ச நான் கோர்ட்ல போயி சொல்லணுமா? எங்கப்பாவுக்கு நடந்த அவமானம் அது. அவரு உக்காத்தி வச்ச பொண்ண, அவரு படத்துக்கு முன்னாலயே பேசறான். எனுக்கு அப்பவே மைக்கப் புடுங்கணும்னு இருந்துச்சு."

"புடுங்கியிருக்கலாமேண்ணே."

"நீ திரும்பி ஸ்விட்ச நிறுத்துவன்னு பாத்தேன். நீ வால்யூம ஏத்தன." அவர் சேவியரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனுக்குத் தம்பி கவர்மெண்ட்ல இருக்கறான். மில்லுலேந்து கரும்பு வெட்ட ஆர்டரு வரணும். என்ன வுட்டுடு சேவியரு. நீதான அவன் பக்கத்துல உக்காந்திருந்த? எங்கிட்ட இன்னாத்துக்கு வர்ற?"

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

*

கேஸ் போடப்போகிற செய்தி எம்.எல்.ஏ. காதுக்கு எப்படிப் போயிற்றோ, போய்விட்டது. முதலில் மாதா கோயில் திருவிழாக் கமிட்டி, இந்த வருஷம் வேறு செட் பார்த்துக்கொள்கிறோம் என்றது. பிறகு ஒரு காலையில் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. ஒன்றும் திருடு போகவில்லை. குழாய்கள் வரிசையாகச் சுவரோரம் இருந்தன. எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் சத்தம் பிறக்கிற யூனிட்டில் ஆணி இறக்கியிருந்தார்கள். அவசரமில்லாமல், ஒன்றையும் விடாமல், நிதானமாகச் செய்த வேலை. அந்த நிதானம்தான் அவனை நடுங்கவைத்தது. ஆத்திரத்தில் அடித்து உடைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

அதற்குப் பிறகு பயம் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டது. ஏரிக்கரையில் வண்டி ஓட்டும்போது பின்னால் ஏதாவது பைக் வந்தால் ஓரமாக நின்று அதை முன்னால் விட்டுவிடுவான். சில பைக்குகள் முந்திப் போகாமல் தாங்களும் நின்றன. ஜெயசித்ரா பாலுக்குப் போய் வரும்வரை தெருமுனையில் நிற்பான். அவளை யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயம். அதைவிடக் கேவலமான பயம் ஒன்றும் இருந்தது. அவள் திடமாக நிற்பாளே, தன்னையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடுவாளே என்று.

"கேஸு வாணாம் சித்ரா" என்றான் ஒருநாள். "ஊரு மறந்துடும்."

"ஊரு மறந்துடும். நேத்து பாலு ஊத்த வந்தவன் ஒருத்தன் கேன நீட்டிக்கினே சிரிக்கறான். ஏன் சிரிக்கறன்னு கேக்க முடியுமா? கேட்டா அவன் வாயால சொல்லுவான். நான் தெனம் ரெண்டு வேள அந்தச் சிரிப்புக்கு நடுவுல நின்னுதான் டிகிரி பாக்குறேன். நீ வந்து ஒரு நாளு நில்லு."

சேவியர் போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தான்.

"எனுக்கும் பயமாத்தான்யா இருக்குது" என்றாள், அதைப் பார்த்துவிட்டு. "எனுக்கு மட்டும் இன்னா, கல்லா?"

*

எம்.எல்.ஏ.விடமிருந்து ஆள் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம், மைக் சேவியர்தான் கட்ட வேண்டுமாம். குழாய் எல்லாம் பழுது என்றதற்கு, "இருக்கறத எடுத்துனு வா, அண்ணன் சொல்லிட்டாரு" என்றான் வந்தவன். சேவியர் பெட்டி ஸ்பீக்கர் இரண்டை எடுத்துக்கொண்டு போனான். போகாமல் இருக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

முகாம் முடிந்து, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் புகழ்வேந்தன் வந்து நின்றார். கூட யாருமில்லை. கையில் சின்ன டம்ளரில் டீ.

"இன்னா சேவியரு, எளச்சிப் போயிட்ட?"

"இல்லண்ணே."

"ஒயர நல்லா சுத்துற. தொழில் சுத்தம். எனுக்கு அது புடிக்கும்." டீயை ஒரு வாய் குடித்தார். "அன்னிக்கி மணவாளன் வூட்டுல நான் இன்னா பேசனேன், உனுக்கு ஞாபகம் இருக்குதா?"

"எனுக்குப் பேச்சு கேக்காதுண்ணே. சத்தம்தான் கேக்கும்."

புகழ்வேந்தன் வாய்விட்டுச் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தார்.

"அடடா, இன்னா அழகா சொல்ற! அதையே சொல்லு. எங்க கேட்டாலும் அதையே சொல்லு. சபையில பேசனதத்தான நான் வெளியிலயும் பேசுவேன்? எனுக்கு ரெண்டு நாக்கா இருக்குது?" அவன் தோளில் கையை வைத்தார். கை கனமாக இல்லை. "மாரியம்மன் ஆடித் திருவிழா, முழுசா உன்னுது. புதுக் கொழா எல்லாம் நானே வாங்கித் தரேன். பாவம், யாரோ ஆணி அடிச்சிட்டானுங்களாமே?"

அவன் யாரிடமும் ஆணி என்று சொல்லியிருக்கவில்லை. குழாய் பழுது என்றுதான் சொல்லிவைத்திருந்தான்.

வீடு வந்து சேரும்வரை தோளில் அந்தக் கை இருந்தது.

*

கொட்டகையில் உட்கார்ந்து ஆம்ப்ளியை இயக்கிப் பார்த்தான். பழுதான குழாய்களில் ஒன்றுக்குப் பழைய யூனிட்டைப் போட்டிருந்தான், அது பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். மைக்கை நிறுத்தி, "ஹலோ, ஹலோ" என்றான். கரகரத்தது. கை பேஸுக்குப் போனது. பாதித் திருப்பில் கையை எடுத்துவிட்டான்.

இந்தத் திருப்பு அன்றைக்குத் திருப்பிய திருப்பு. அப்போது குழாயில் என்ன போய்க்கொண்டிருந்தது? "பொம்பள" என்ற வார்த்தை. அது கரகரத்தது, அதனால் குறைத்தான். அதற்கு முன்னால் வால்யூமை ஏற்றியது எந்த இடத்தில்? குரல் தாழ்ந்தது, "அவ" என்று இழுத்தார், அந்த இடத்தில். கை போன இடத்திலெல்லாம் அடியில் ஒரு வார்த்தை இருந்தது. ஒவ்வொன்றாக எழுந்து வந்து வரிசையாக நின்றது. எல்லாம் கேட்டிருக்கிறது. அன்றே, அந்த நேரத்திலேயே, ஒன்று விடாமல் கேட்டிருக்கிறது. சத்தம் மட்டும்தான் கேட்டது என்று அவன் வக்கீலை ஏமாற்றினான், பெண்டாட்டியை ஏமாற்றினான், தன்னையே ஏமாற்றிக்கொண்டான். புகழ்வேந்தன் சிரித்தது அதற்குத்தான். ஒரு கோழையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

ஆம்ப்ளியை அணைத்துவிட்டு உள்ளே போனான். ஜெயசித்ரா கருவாட்டைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரேன்" என்றான்.

"எங்க?"

"கோர்ட்டுக்கு."

"வந்து இன்னா சொல்லுவ? சத்தம் கேட்டுச்சுன்னா?"

"கேட்டத சொல்றேன்."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "எல்லார் முன்னாலயும்? உன் வாயால? என்னப் பத்தி?"

சேவியர் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தான்.

*

அருள்மொழி புகார் மனு போட்டார். விசாரணை தொடங்குமுன் நீதிபதி சாட்சிகளைக் கேட்டு எழுதிக்கொள்கிற வாக்குமூலத்தன்று கோர்ட்டுக்கு வெளியே எம்.எல்.ஏ.வின் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் சேவியரைப் பார்த்துச் சுத்தியல் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். உள்ளே வந்து பின்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சேவியருக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. போய்விட்டு வந்தான், மறுபடி முட்டியது.

ஜெயசித்ரா முதலில் ஏறினாள். நேராக நின்றாள். குழாயில் கேட்டதைச் சொன்னாள். அந்த வார்த்தைகள் வந்ததும் அவள் குரல் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. இறங்கி வந்து சேவியரைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டுக்குள் ஏறி நின்றான். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சொன்னான். முன்னால் ஒரு மைக் இருந்தது. அதன் ஒயர் பிளக்கிலிருந்து பாதி கழன்று தொங்கியது. இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் பேசிவிடும். அவன் கை அதற்குப் போகவில்லை.

அருள்மொழி கேட்டார், அவன் சொன்னான். தொழில் என்ன, அன்று எங்கே உட்கார்ந்திருந்தான், பேசியவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதுவரை சுலபமாக வந்தது.

"அவர் என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

பின்பெஞ்சில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். சேவியர் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது.

"கேக்கல" என்றார் நீதிபதி. "சத்தமா."

வாழ்நாள் முழுக்க ஊரார் குரலை ஏற்றிவிட்டவன். தன் குரலை ஏற்ற எந்தக் குமிழைத் திருப்புவது என்று தெரியாமல் நின்றான். வலது கை மட்டும் கூண்டுக் கம்பியின் மேல் தானாக மெல்லத் திரும்பியது.

"'சட்டசபையிலயே சொன்னேன், இங்கயும் சொல்றேன், எவன் இன்னா பண்ணிடுவான்'னு சொன்னாருங்க. 'அவ... சொசைட்டியில நிக்கிறாளே அந்தப் பொம்பள, அவ தண்ணிப் பால வுடுறதுக்குக் காசு வாங்கறது இல்ல. வண்டிக்காரன்கூட போயி படுத்துட்டு வந்து வுடுறா. நாளைக்கி நீங்க போனாலும் வருவா'ன்னு சொன்னாருங்க."

தட்டச்சுக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் தட்டினார். சேவியரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. பின்பெஞ்சைப் பார்த்தான். சுத்தியல் காட்டியவன் இப்போது சிரிக்கவில்லை, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். யாரோடு பேசப் போகிறான் என்று சேவியருக்குத் தெரியும். இனி கொட்டகை மிஞ்சுமோ, வீடு மிஞ்சுமோ.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். அருள்மொழி, போதும் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"ஒண்ணு சொல்லணுங்கய்யா."

"சொல்லுங்க."

"மணவாளன் மூணு கொழாதாங்கய்யா கட்டச் சொன்னாரு. சொசைட்டி பக்கம் இருந்த நாலாவது கொழா நானா கட்டுனது. அவளால வேலைய வுட்டுட்டு வர முடியாது. சுப்புராயனய்யாவப் பத்தி நல்லதா பேசுவாங்க, அவ கேக்கட்டும்னுதான் கட்டுனேன். கரகரன்னு வந்தத சரி பண்ணதும் நான்தாங்கய்யா."

தட்டச்சுக்காரர் தலையைத் தூக்கினார். "இதையும் எழுதணுங்களா?"

"எழுதுங்க" என்றார் நீதிபதி.

ஜெயசித்ரா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். ஆவணியிலிருந்து அழாதவள், சுப்புராயன் பிணத்துக்கு முன்னால்கூட அழாதவள், இப்போது தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் இறங்கி வந்தான். பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் பெஞ்சுக்கு எதிரில் நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு" என்றாள். "கால் நடுங்குது பாரு."